போலிப் பாக்கெட் சந்தைக்கு வந்துவிட்டால் எந்தக் கதவைத் தட்டுவது?

போன ஆடி மாதம் மதுரை கீழமாசி வீதியிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் அக்காவுக்குப் போன் செய்தார். “என்னம்மா, இந்தத் தடவை சாம்பார் பொடியில வாசமே இல்ல. ரெண்டு பேர் திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க.” அக்கா அந்த மாதம் அவருக்குச் சரக்கே அனுப்பவில்லை.

பஸ்ஸில் கொடுத்துவிட்ட இரண்டு பாக்கெட்டையும் வீட்டில் வைத்துப் பார்த்தோம். அதே மஞ்சள் கவர், அதே எழுத்து. பின்பக்கம் அக்காவின் 14 இலக்க உணவு உரிம எண்கூட அப்படியே இருந்தது. சீல் போட்ட இடத்தில் மட்டும் கோடுகள் வேறு மாதிரி. பேட்ச் எண்ணும் அக்கா எழுதும் முறையில் இல்லை. பதினோரு வருட உழைப்பை யாரோ கவரோடு தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று புரிந்தபோது அக்கா அழவில்லை. அந்தப் பொடியை விரலில் எடுத்து ரொம்ப நேரம் மோந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று ராத்திரியே ஆளுக்கொரு யோசனை. போலீஸுக்குப் போ என்றார் மாமா. கோர்ட்டில் தடை வாங்கலாம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கடைக்காரனைப் பிடித்து உலுக்கினால் போதும் என்றான் தம்பி. அடுத்த சில வாரங்கள் சட்டப் பிரிவுகளைப் படிப்பதிலும் வக்கீலோடு உட்கார்ந்து பேசுவதிலும் போயின. அப்போது தெரிந்துகொண்டதை, இதே நிலையில் இருக்கும் இன்னொரு சிறு தொழில்காரருக்குச் சொல்வதுபோல எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போலியைச் செய்பவர் யார், எங்கே என்று தெரிந்திருந்தால் சிறு தொழில்காரருக்கு சிவில் நீதிமன்றம்தான் நல்ல வழி. தெரியாவிட்டால், அல்லது சரக்கு பல ஊர்களுக்குப் பரவியிருந்தால், போலீஸ். சாப்பிடும் பொருளாக இருந்தால் இந்த இரண்டுக்கும் முன்னால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒரு புகார். கஸ்டம்ஸ், ஆன்லைன் தளங்கள் எல்லாம் சரக்கு அந்த வழியாக வந்தால் மட்டும்.

இப்படிப் பிரித்துச் சொல்லக் காரணம், இவை எல்லாம் ஒரே கேள்விக்கான விடைகள் இல்லை என்பதுதான். “இதைச் செய்தவனுக்குத் தண்டனை உண்டா” என்பது போலீஸ் எடுத்துக்கொள்ளும் கேள்வி. “இது நாளையிலிருந்து நிற்குமா” என்பது சிவில் நீதிமன்றத்தின் கேள்வி. “இதைச் சாப்பிடலாமா” என்று மட்டும்தான் உணவுப் பாதுகாப்புத் துறை பார்க்கும். நமக்கு முதலில் எது வேண்டும் என்று தெரியாமல் கதவைத் தட்டினால் அலைச்சல்தான் மிஞ்சும்.

முதலில் கையில் என்ன காகிதம் இருக்கிறது?

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது டிரேட்மார்க் (வணிகச் சின்னம்) சான்றிதழ். அக்கா அதிர்ஷ்டசாலி, ஐந்து வருடம் முன்பே பதிவு செய்திருந்தாள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு பொருள் வகைக்கு 4,500 ரூபாய், மற்ற நிறுவனங்களுக்கு 9,000. உத்யம் என்ற சிறு தொழில் பதிவு உள்ள நிறுவனமாக இருந்தால், சின்னம் பதிவான பிறகு 10,000 ரூபாய் வரை மத்திய அரசின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் திருப்பித் தரும் திட்டமும் இருக்கிறது. பதிவு 10 வருடத்துக்கு, அப்புறம் புதுப்பித்துக்கொண்டே போகலாம். சென்னையில் கிண்டி ஜி.எஸ்.டி. சாலையில்தான் நம் பக்கத்து டிரேட்மார்க் பதிவகம் இருக்கிறது.

விண்ணப்பம் மட்டும் போட்டிருப்பவர்கள் கவர் மேல் வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் போடக் கூடாது. பதிவாகாததைப் பதிவானதாகக் காட்டுவது சட்டப்படி தவறு. போலிக்காரனுக்கு எதிராக நாம் போகும்போது அவனுடைய வக்கீல் முதலில் பிடிப்பது இதைத்தான்.

இரண்டாவது காகிதம்தான் பலரிடம் இல்லாதது: லேபிளின் காப்பிரைட். கவரில் இருக்கும் படம், எழுத்து அமைப்பு, வண்ண அமைப்பு எல்லாம் சேர்ந்து சட்டத்தின் கண்ணில் ஒரு கலைப்படைப்பு. அதை உருவாக்கியவுடனே காப்பிரைட் வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிவுச் சான்றிதழ் இருந்தால் முதல் பார்வைக்கு அதுவே ஆதாரம். சரக்குக்குப் பயன்படும் கலைப்படைப்புக்குப் பதிவுக் கட்டணம் 2,000 ரூபாய். அதற்கு முன்னால், இதே மாதிரி சின்னம் வேறு யார் பெயரிலும் இல்லை என்று டிரேட்மார்க் பதிவகத்திடம் ஒரு தேடல் சான்றிதழும் வாங்க வேண்டும்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. அக்காவின் கவரை வரைந்தது திண்டுக்கல்லில் ஒரு டி.டி.பி. சென்டர் பையன். காசு கொடுத்துவிட்டோம், டிசைன் நம்முடையது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அவன் நம்மிடம் சம்பளத்துக்கு வேலை செய்தவன் இல்லை என்பதால், எழுதிக் கொடுக்காதவரை லேபிளின் முதல் உரிமையாளர் அவன்தான். எழுதிக் கொடுத்தாலும் எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். நல்ல பையன், கேட்டவுடன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். இதைப் படிக்கும் யாரும் பிரச்சினை வரும் வரை காத்திருக்காமல், டிசைன் செய்த அன்றே காலத்தையும் எல்லையையும் குறித்து எழுதி வாங்கிவிடுங்கள்.

இந்த இரண்டாவது காகிதத்துக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம், அது போலீஸ் நிலையத்தில் வேலை செய்யும் விதம்.

போலீஸ்

போலிச் சரக்கு குற்றம். இதில் சந்தேகமே வேண்டாம். 1999-ஆம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டத்தில் 103-ஆம் பிரிவு போலியாகச் சின்னம் போடுபவருக்கும், 104-ஆம் பிரிவு அதை விற்பவருக்கும், குறைந்தது 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கின்றன. மறுபடி மாட்டினால் குறைந்தபட்சமே ஒரு வருடம். போலீஸ் நேரடியாக வழக்குப் பதிவு செய்யக்கூடிய குற்றம் இது, எஃப்.ஐ.ஆர். போட நீதிபதியின் அனுமதி தேவையில்லை.

சிக்கல் வருவது பறிமுதலில். டிரேட்மார்க் சட்டத்தின் 115-ஆம் பிரிவுப்படி வாரண்ட் இல்லாமல் சோதனை போடவோ சரக்கை எடுக்கவோ டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வேண்டும். அதோடு, போவதற்கு முன் டிரேட்மார்க் பதிவாளரின் கருத்தைக் கேட்டு வாங்கி, அதன்படி நடக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டின் நோக்கம் புரிகிறது. போட்டிக் கடைக்காரர்மேல் பொய்ப் புகார் கொடுத்து குடோனைக் காலி செய்யவைக்க யாராலும் முடியக் கூடாது. ஆனால் உண்மையான புகாருக்கும் அதே தாமதம்தான். கருத்து வருவதற்குள் சரக்கு இடம் மாறிவிடும்.

1957-ஆம் ஆண்டின் காப்பிரைட் சட்டத்தில் இந்தத் தடை இல்லை. 64-ஆம் பிரிவின்படி சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்தில் உள்ளவரே வாரண்ட் இல்லாமல் பறிமுதல் செய்யலாம், பதிவாளர் கருத்து தேவையில்லை. தண்டனையும் டிரேட்மார்க் சட்டத்தில் உள்ள அதே அளவு. 63-ஆம் பிரிவில் வரும் காப்பிரைட் மீறல், போலீஸ் நேரடியாக எடுக்கக்கூடிய குற்றமா, ஜாமீனில் விடக்கூடியதா என்று நீதிமன்றங்களில் ரொம்ப நாள் கருத்து வேறுபாடு இருந்தது. 2022 மே மாதம் நிட் புரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவைத்தது: 63-ஆம் பிரிவுக் குற்றம் நேரடியாக வழக்குப் பதியக்கூடியது, ஜாமீனில் விட முடியாத வகை. ஆகவே கவரை அப்படியே காப்பியடித்திருந்தால் புகாரில் இரண்டு சட்டத்தையும் எழுதுங்கள். லேபிள் காப்பிரைட் கையில் இருக்கிறவரின் புகாரில் ரெய்டு வேகமாக நடப்பதற்குக் காரணம் இதுதான்.

எங்கே கொடுப்பது? உள்ளூர் காவல் நிலையம் மறுக்க முடியாது. ஆனால் இந்த வகைக் குற்றத்துக்கென்றே தமிழ்நாட்டில் சிபிசிஐடியின் கீழ் அறிவுசார் சொத்துரிமை அமலாக்கப் பிரிவு ஒன்று இருக்கிறது. திருட்டு கேசட், திருட்டு வி.சி.டி. காலத்தில் வீடியோ பைரசி பிரிவாகத் தொடங்கியது. பழைய ஆட்கள் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். சினிமாவுக்காகப் பிறந்த பிரிவு என்பதால் அந்தப் பக்கம் சட்டத்துக்குப் பற்கள் அதிகம். 2004-இல் குண்டர் சட்டத்திலேயே வீடியோ திருடர்களைச் சேர்த்தார்கள். சாம்பார் பொடிக்கு அந்த அளவு வேகம் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். பொடி, சோப்பு, ஊதுபத்தி எல்லாம் இதே பிரிவின் வேலைக்குள் வருபவைதான்.

முதலில் நாங்கள் விவரம் கேட்கப் போன ஒரு காவல் நிலையத்தில் “இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, தினமும் அடிதடி வழக்கு பார்க்கிறவர்களுக்கு இது பழக்கமில்லாத சட்டம். இப்படி நடந்தால் என்ன செய்வது என்பதற்கு 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வழி இருக்கிறது. 173-ஆம் பிரிவின்படி மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம், அதுவும் பலிக்காவிட்டால் குற்றவியல் நடுவரிடம் போய் விசாரணைக்கு உத்தரவு கேட்கலாம். இந்த மாதிரிக் குற்றத்தில் எஃப்.ஐ.ஆருக்கு முன் 14 நாளுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்தவும் அதே பிரிவு போலீஸுக்கு இடம் கொடுக்கிறது. அதனால் முதல் நாளே எஃப்.ஐ.ஆர். வரவில்லை என்று மனம் தளர வேண்டாம். மத்திய அரசின் அறிவுசார் சொத்துரிமை மேம்பாட்டுப் பிரிவு 2017-இல் போலீஸாருக்காகவே ஒரு கையேடு வெளியிட்டது. எந்தப் பிரிவு, யாருக்கு அதிகாரம், எப்படிப் பறிமுதல் என்று அதில் வரிசையாக இருக்கும். அதன் அச்சுப் பிரதியைப் புகாரோடு இணைத்துக் கொடுத்தால் பேச்சு எளிதாகிறது.

போலீஸ் வழியின் பலம் அதன் தேடும் சக்தி. செய்பவர் யார் என்று நமக்குத் தெரியாதபோது போன் எண், வண்டி எண், பணப் பரிமாற்றம் என்று தொடர்ந்து போக அவர்களால் மட்டும்தான் முடியும்.

பலவீனமும் பெரியது. ரெய்டில் மாட்டுபவர் பெரும்பாலும் கடைசிக் கண்ணியில் இருக்கும் சில்லறைக் கடைக்காரர். அக்கா விஷயத்தில் அவர்தான் போன் செய்து சொன்னவரே! எட்டு வருட வாடிக்கை. அவர்மேல் எஃப்.ஐ.ஆர். போட்டால் அந்தத் தெருவில் ஒரு கடையும் இனி அக்காவின் பொடியைத் தொடாது. குற்ற வழக்கு தொடங்கிவிட்டால் நாம் வெறும் சாட்சி, கடிவாளம் அரசாங்கத்தின் கையில். எப்போது வழக்கு முடியும், யாரோடு சமாதானம் என்பதெல்லாம் நம் தீர்மானத்தில் இல்லை. பறிமுதலான சரக்கு வருடக்கணக்கில் நீதிமன்றத்தில் கிடக்கும், நமக்கு நஷ்ட ஈடு பெரும்பாலும் வராது. எதிராளி “இந்தப் பதிவே செல்லாது” என்று சொன்னால், அதை ரத்து செய்யக் கேட்டு விண்ணப்பிக்க அவருக்கு மூன்று மாத அவகாசமும் சட்டமே கொடுக்கிறது.

கடைக்காரர் விஷயத்தில் 104-ஆம் பிரிவே ஒரு நல்ல வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. போலி என்று சந்தேகப்படக் காரணம் இல்லாமல் நம்பி வாங்கியவர், கேட்டவுடன் யாரிடம் வாங்கினேன் என்ற முழு விவரத்தையும் கொடுத்துவிட்டால் தப்பிக்கலாம். அக்கா அந்தப் பிரிவைத்தான் கையில் எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனாள். மிரட்டவில்லை. “அண்ணே, நீங்க பில்ல குடுத்தா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, சட்டமே அப்படித்தான் சொல்லுது” என்று உட்கார்ந்து விளக்கினாள். அவர் கல்லாவுக்கு அடியிலிருந்து பில்லை எடுத்துக் கொடுத்தார். விருதுநகர் மாவட்டத்து முகவரி ஒன்று அதில் இருந்தது.

சிவில் நீதிமன்றம்

பில்லில் முகவரி கிடைத்த அந்த நிமிடம் எங்கள் கணக்கு மாறியது. ஆள் தெரிந்துவிட்டது, இடம் தெரிந்துவிட்டது. இனி வேண்டியது அந்த இடத்தை எச்சரிக்கை இல்லாமல் போய்ப் பார்ப்பதும், அச்சை நிறுத்துவதும்.

நீதிமன்றம் என்றால் இழுத்தடிக்கும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. இறுதித் தீர்ப்புக்கு அது உண்மையும்கூட. ஆனால் போலிச் சரக்கு வழக்கில் முக்கியமான வேலையெல்லாம் முதல் சில வாரங்களிலேயே நடந்துவிடும். எதிராளிக்குச் சொல்லாமலே இடைக்காலத் தடை கேட்கலாம். அதோடு ஒரு வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கேட்கலாம். கோர்ட்டில் எல்லோரும் அட்வகேட் கமிஷனர் என்பார்கள். அவர் நீதிமன்றத்தின் உத்தரவோடு எதிராளியின் குடோனுக்குப் போய், இருப்பதை எண்ணி, படம் எடுத்து, சீல் வைத்து அறிக்கை கொடுப்பார். போலீஸ் ரெய்டு செய்யும் வேலையில் பாதியை இவர் செய்துவிடுகிறார். ஆனால் யாரிடம், எப்போது, என்ன கேட்பது என்பது இங்கே நம் கையில் இருக்கிறது.

வழக்கு எங்கே போடுவது என்பதில் டிரேட்மார்க் சட்டம் சின்னம் வைத்திருப்பவர் பக்கம் நிற்கிறது. எதிராளி எந்த ஊரில் இருந்தாலும், நம் தொழில் நடக்கும் ஊரில் இருக்கும் நீதிமன்றத்திலேயே போடலாம் என்கிறது 134-ஆம் பிரிவு. பஸ் செலவை நாம் ஏற்க வேண்டியதில்லை, அவர் திண்டுக்கல் வர வேண்டும். காப்பிரைட்டுக்கும் இப்படி ஒரு பிரிவு உண்டு.

ஒரு தடங்கலைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 3 லட்சம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள இந்த வகை வழக்குகள் வணிக நீதிமன்றச் சட்டத்தின் கீழ் வரும். அதன் 12ஏ பிரிவு, வழக்குப் போடுவதற்கு முன் சமரச முயற்சி கட்டாயம் என்கிறது. 2022-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சமரசத்துக்கு நோட்டீஸ் போனால் எதிராளி அன்று ராத்திரியே குடோனைக் காலி செய்துவிடுவார். அவசர இடைக்கால நிவாரணம் கேட்கும் வழக்குக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவசரம் உண்மையானது என்று காட்ட வேண்டும், அதற்குத் தேதிகள் பேச வேண்டும். போலி கண்ணில் பட்ட நாளிலிருந்து ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டுப் போய் அவசரம் என்றால் எந்த நீதிபதி கேட்பார்? எங்கள் வக்கீல் முதல் கேள்வியாகக் கேட்டது கடைக்காரர் போன் செய்த தேதியைத்தான்.

பதிவு இல்லாதவர்களுக்கும் சிவில் வழி திறந்தே இருக்கிறது. பல வருடம் விற்று மக்கள் மனதில் பதிந்த பெயரை இன்னொருவர் எடுத்துக்கொண்டு, அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று ஏமாற்றுவதைத் தடுக்கப் பழைய பொதுச் சட்ட உரிமை உண்டு. பழைய பில்கள், விளம்பரம், விற்பனைக் கணக்கு எல்லாம் வைத்து நிரூபிக்க வேண்டும். குற்றவியல் பிரிவுகளும் சட்டத்தின் எழுத்துப்படி பதிவில்லாத சின்னத்துக்குப் பொருந்தும். ஆனால் காவல் நிலையத்தில் சான்றிதழ் இல்லாமல் அந்த வாதத்தை நடத்துவது ரொம்பக் கஷ்டம்.

இன்னொரு வேறுபாடு. அச்சு அசல் போலி ஒரு வகை. பெயரில் ஒரு எழுத்தை மாற்றி, கவர் நிறத்தைக் கொஞ்சம் மாற்றி, ஏமாற்றும் ஒற்றுமையோடு வருவது வேறு வகை. இரண்டாவதில் ஒற்றுமை எவ்வளவு என்று எடைபோட வேண்டும். அந்த வேலையைச் சப்-இன்ஸ்பெக்டரிடம் கொடுப்பது அவருக்கும் நியாயமில்லை, நமக்கும் பயனில்லை. அது நீதிமன்றத்துக்கே உரியது. பொருளின் வடிவமைப்பைப் பதிவு செய்துவைத்து அதை ஒருவர் காப்பியடித்தாலும், பேட்டன்ட் பெற்ற கருவியை அனுமதியில்லாமல் ஒருவர் செய்தாலும் போலீஸ் வழியே கிடையாது. அந்த இரண்டும் சிவில் தவறுகள் மட்டும்தான்.

செலவு உண்மையான கவலை. வக்கீல் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், கமிஷனர் கட்டணம் எல்லாம் நம் தலையில். பெண்களாக இருந்தால் ஒரு விஷயம்: 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். சுய உதவிக் குழுவில் ஊறுகாயும் அப்பளமும் செய்து விற்கும் எத்தனை பெண்களுக்கு இது தெரியும் என்று நினைத்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. போலி வந்தால் பெயரை மாற்றிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள்.

சென்னையைச் சேர்ந்த பெரிய நிறுவனங்களுக்கு உயர் நீதிமன்றம் இன்னொரு வழி. டிரேட்மார்க் மேல்முறையீடுகளைப் பார்த்த தீர்ப்பாயத்தை 2021-இல் கலைத்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துரிமைக்கென்று தனிப் பிரிவு உருவானது. அதன் விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. ஆள் பெயரே தெரியாதபோது “அசோக் குமார்” என்று ஒரு கற்பனைப் பெயரைப் பிரதிவாதியாகப் போட்டுத் தடையாணை வாங்குவதும் அங்கே வழக்கம். புதுப் படம் வெளியாகும் வாரங்களில் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். சாம்பார் பொடிக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

உணவுப் பாதுகாப்புத் துறை

இதை யாரும் டிரேட்மார்க் வழியாக நினைப்பதில்லை. எனக்கோ இதுதான் முதல் படி. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், இன்னொரு உணவுப் பொருளைப் போல ஏமாற்றும் விதத்தில் இருப்பதையும், இல்லாத தயாரிப்பாளரின் பெயரைப் போட்டிருப்பதையும் தவறான முத்திரையிட்ட உணவு என்கிறது. அதற்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். டிரேட்மார்க் சான்றிதழ் கேட்க மாட்டார்கள், வக்கீல் வேண்டாம், புகாருக்குக் கட்டணமும் இல்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் நியமன அலுவலர் இருக்கிறார். அலுவலர் மாதிரி எடுத்து அனுப்பினால் பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். வாங்கிய எவரும் கட்டணம் கட்டி ஒரு பாக்கெட்டைப் பரிசோதனைக்குக் கொடுக்கவும் உரிமை உண்டு.

அக்காவுக்கு இதில் இன்னொரு அவசரமும் இருந்தது. போலிப் பாக்கெட்டில் இருப்பது அவளுடைய உரிம எண். அதைச் சாப்பிட்டு யாருக்காவது ஏதாவது ஆனால் முதலில் கதவைத் தட்டுவது அவள் வீட்டில்தான். “இந்தப் பேட்ச் என்னுடையது இல்லை” என்று தேதியோடு, ஒப்புகையோடு எழுத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் பதிவு செய்துவைத்தது அவளுக்குப் பெரிய பாதுகாப்பு. பிறகு நீதிமன்றத்தில் அவசரத்தைக் காட்டவும் அந்தக் காகிதமே உதவியது.

இந்தத் துறை பெயர் யாருடையது என்று தீர்மானிக்காது, தடையாணையும் தராது. அது அவர்கள் வேலை இல்லை. மற்றப் பொருள்களுக்கும் இப்படிப் பக்கத்து வாசல்கள் உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் போலியாகப் போட்ட குக்கருக்கும் ஒயருக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம். போலி மருந்துக்கும் அழகுசாதனத்துக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. பாக்கெட்டில் தயாரிப்பாளர் முகவரி பொய்யாக இருந்தால் தொழிலாளர் துறையின் எடையளவு அலுவலர்.

ஆன்லைனிலும் துறைமுகத்திலும்

போலி ஆன்லைன் விற்பனைத் தளத்தில் இருந்தால் முதலில் நீங்களே ஒன்றை ஆர்டர் செய்து வாங்குங்கள். பெட்டி, பில், அனுப்பியவர் முகவரி எல்லாம் ஆதாரம். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி தளம் விற்பனையாளரின் பெயர், முகவரியைக் காட்ட வேண்டும், குறைதீர் அலுவலர் ஒருவரையும் வைத்திருக்க வேண்டும். டிரேட்மார்க், காப்பிரைட் காரணமாக நீக்கப்பட்ட சரக்கைத் திரும்பத் திரும்ப விற்பவர்களின் பதிவையும் அது பராமரிக்க வேண்டும். நீக்கக் கேட்பது எளிது, செலவில்லாதது. ஆனால் ஒரு பெயரில் நீக்கினால் இன்னொரு பெயரில் வருவார்கள். விற்பனைப் பக்கத்தை நீக்குவதற்கு முன் விவரங்களைப் பிடித்துவைத்துக்கொள்வதுதான் முக்கியம்.

கஸ்டம்ஸ் வழி வெளிநாட்டிலிருந்து வரும் போலிக்கு மட்டும். செல்போன் துணைப் பொருள், வாகன உதிரிபாகம், அழகுசாதனம் செய்கிறவர்களுக்கு இது மிக நல்ல ஏற்பாடு. 2007-ஆம் ஆண்டின் விதிகள்படி சுங்கத்துறையின் இணையதளத்தில் 2,000 ரூபாய் கட்டி உங்கள் சின்னத்தைப் பதிவு செய்துவைத்தால், துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் சந்தேகமான சரக்கை நிறுத்தி உங்களுக்குத் தகவல் சொல்வார்கள். சரக்கை நிறுத்திய நாளிலிருந்து 10 வேலை நாளுக்குள் நீங்கள் அந்த நடவடிக்கையில் சேர வேண்டும், இல்லாவிட்டால் சரக்கை விட்டுவிடுவார்கள். பிணைப் பத்திரம், வைப்புத் தொகை, அழிக்கும் செலவு எல்லாம் உங்கள் பொறுப்பு என்பதையும் கணக்கில் வையுங்கள். ஒரு கன்டெய்னரை வாசலிலேயே நிறுத்துவது, அது நூறு கடைக்குப் பிரிந்த பிறகு துரத்துவதைவிட எத்தனையோ மடங்கு சுலபம்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது

உணவுப் பாதுகாப்புப் புகார் முதல் வாரத்திலேயே. பில் கிடைத்த மறுவாரம் மாவட்ட அளவில் வணிக வழக்குகளைப் பார்க்கும் நீதிமன்றத்தில் மனு, டிரேட்மார்க்கும் காப்பிரைட்டும் சேர்த்து. போலீஸ் புகாரை எழுதித் தயாராக வைத்திருந்தோம், கொடுக்கவில்லை. கமிஷனர் போகும் இடத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் அடுத்த நாள் கொடுப்பது என்று முடிவு.

மனுவில் எங்கள் வக்கீல் ஒரு வரி சேர்த்திருந்தார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாக்கெட்டுகளை மட்டும் கேட்காமல், கவர் அச்சடிக்கும் சிலிண்டர்களையும் சேர்த்துக் கேட்டிருந்தார். பிளாஸ்டிக் கவர் அச்சில் ஒரு வண்ணத்துக்கு ஒரு உலோக சிலிண்டர். அது கையில் இருக்கும் வரை எத்தனை ஆயிரம் பாக்கெட்டைப் பறிமுதல் செய்தாலும் அடுத்த மாதம் புதிதாக அச்சடித்துவிடலாம். இரண்டு சட்டங்களும் அச்சுத் தகட்டை வைத்திருப்பதையே தனிக் குற்றமாகச் சொல்கின்றன. அக்காவிடம் இருப்பவை நான்கு சிலிண்டர்கள்: மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு.

கமிஷனர் போன அன்று குடோனில் பொடி அதிகம் இல்லை. பின்னால் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் நான்கு சிலிண்டர்கள் இருந்தன. அவர் எடுத்து அனுப்பிய படத்தை அக்கா பெரிதாக்கிப் பார்த்தாள். கறுப்பு சிலிண்டரில் அவளுடைய கையெழுத்தில் எழுதிய பிராண்டு பெயர், கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தலைகீழாகச் செதுக்கியிருந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. சிலிண்டர்கள் சீல் வைத்த பெட்டியில் நீதிமன்றப் பாதுகாப்பில் இருக்கின்றன. கீழமாசி வீதிக் கடைக்காரர் இந்த மாதம் முப்பது கிலோ ஆர்டர் கொடுத்திருக்கிறார்.